ஷட்டருக்குள் இருபத்தெட்டு மூட்டை

அண்ணன் வீட்டு கார் ஷெட்டில் நெல் வைக்கக் கூடாது என்பது வீடு குடிபுகுந்த அன்றே சொல்லப்பட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டு முடித்து, ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

“தம்பி, இது காரு நிக்கிறதுக்குக் கட்டுனது. நான் பிளைட் ஏறுனதும் நீ மூட்டையக் கொண்டாந்து அடுக்கிப்புடாத. நெல்லுச் சுணை பறந்தா பெயின்ட்டு போயிடும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் பேசினால் நான் சிரிப்பேன், இல்லையென்றால் சரி என்பேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பதில் தெரிந்த கேள்விக்குக்கூட எழுந்து நிற்க மாட்டேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. அண்ணன் படித்தார், சிங்கப்பூர் போனார், குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலேயே பெரிய வீட்டைக் கட்டினார். நான் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறேன். என் வீடு அதே தெருவில் நாலு வீடு தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது.

அண்ணன் வீட்டின் சாவி இரண்டு பேர் கையில் இருந்தது. வீட்டுச் சாவி அண்ணியின் தம்பியிடம். அவர் அடுத்த தெருவில் இருக்கிறார். ஷெட் சாவி என்னிடம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் ஷட்டரைத் தூக்கி, காரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, துடைத்துவிட்டு, மறுபடி இறக்கிப் பூட்ட வேண்டும். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போக ஒரு கதவு உண்டு. அது அந்தப் பக்கம் பூட்டியிருக்கும். வீட்டு மெயின் ஸ்விட்சும் நிறுத்தித்தான் இருக்கும், அதனால் ஷெட்டில் விளக்கு எரியாது. ஆயுத பூஜை அன்று மட்டும் காருக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, போனில் அண்ணனுக்குக் காட்ட வேண்டும். அதை ஒரு வருஷமும் நான் விட்டதில்லை.

ஷட்டர் பெரியது. கடைத்தெருக் கடைகளில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு அகலம். மேலே தகரக் கூட்டுக்குள் ஒரு இரும்புக் குழாய் குறுக்காகப் போகும். அதில் இரண்டு பக்கமும் இரண்டு வட்ட டப்பாக்கள். டப்பாவுக்குள் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வைத்த இரும்புப் பட்டை. ஷட்டரைக் கீழே இழுக்கும்போது அந்த ஸ்பிரிங் இறுகும். தூக்கும்போது அந்த இறுக்கம் நம்மோடு சேர்ந்து தூக்கும். அது இல்லாவிட்டால் ஷட்டரின் முழுப் பாரமும் நம் கையில்தான்.

போன வருஷம் இடது பக்க ஸ்பிரிங் உடைந்தது. குடவாசலிலிருந்து ஷட்டர் மெக்கானிக் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், வாய் ஓயாத ஆள். புது ஸ்பிரிங்கை மாட்டியதும் குழாயின் முனையில் பெரிய பைப் ரெஞ்சைக் கவ்வக் கொடுத்து, சுற்று சுற்றாக முறுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் இன்னொரு ரெஞ்சைப் பிடித்துக் குழாய் திரும்பாமல் நிறுத்த வேண்டும்.

“விட்டுடாதீங்கண்ணே. விட்டீங்கன்னா ரெஞ்சு சுத்திவந்து தாடையப் பேத்துடும். நேரா நிக்காதீங்க, ஒதுங்கி நில்லுங்க” என்றார். வேலை முடிந்ததும் வலது பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். “இதுவும் அதே வயசுதான். ரெண்டையும் சேத்து மாத்திடுங்க. புதுசும் பழசும் ஒன்னா இழுக்காது.”

அண்ணனிடம் போனில் சொன்னேன். “ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்றார். சரி என்றேன்.

இந்த வருஷம் குறுவை நன்றாக வந்திருந்தது. அறுவடை மிஷின் கிடைக்க நாலு நாள் தாமதம். கிடைத்த அன்று மதியம் வரை வெயில். அறுத்து முடிக்கும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லை அப்படியே சாக்கில் பிடித்தோம். கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கொடுத்திருந்தார்கள், ஆனால் பூஜை விடுமுறை கழித்துத்தான். ரோட்டில் காய வைக்க வெயில் இல்லை. என் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகும்.

“அண்ணன் ஷெட்டுதான்” என்றாள் என் மனைவி.

“கேக்கணுமே.”

“கேளுங்க.”

கேட்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு டிராக்டர் டிப்பரில் இருபத்தெட்டு மூட்டையையும் கொண்டுபோய் காரைச் சுற்றி அடுக்கினேன். இரண்டே நாள், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஈர நெல்லை அடுக்கினால் அது சும்மா கிடக்காது. உள்ளே சூடேறும். ஒரு நாள் விட்டால் சாக்குக்குள் கை வைக்க முடியாது. இன்னொரு நாள் விட்டால் முளை விடும். முளைத்த நெல்லை எந்த நிலையத்திலும் எடுக்க மாட்டார்கள். அதனால் மறுநாள், ஆயுத பூஜை அன்று காலையிலேயே ஷெட்டுக்குப் போனேன். ஷட்டரை இடுப்பளவு தூக்கி வைத்து, குனிந்து உள்ளே போய், காரைத் துடைத்து மாலை போட்டேன். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வாயை அவிழ்த்து வைத்தேன். கையை விட்டால் குளிக்கிற வெந்நீர் சூடு இருந்தது. இன்னும் கெடவில்லை. காற்று கிடைத்தால் தப்பிக்கும்.

மூட்டைகளில் பாதியை இறக்கியிருப்பேன். தெருமுனையில் ஒரு பைக் சத்தம். அண்ணியின் தம்பி தன் பைக்குக்கு சைலன்சர் மாற்றியிருந்தார். ஊரில் அந்தச் சத்தம் வேறு எதற்கும் கிடையாது. அவர் பார்த்தால் அண்ணிக்குப் போகும், அண்ணியிடமிருந்து அண்ணனுக்குப் போகும். நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் ஷட்டரின் அடிப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கீழே இழுத்தேன்.

தலைக்கு மேலே வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வலது பக்க ஸ்பிரிங். ஷட்டர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. வலது மூலை தரையில் மோதி நின்றது. இடது மூலை நாலு விரல் உயரத்தில் கோணலாகச் சிக்கிக்கொண்டது. தகரக் கூட்டிலிருந்து தூசியும் துருவும் என் தலையில் கொட்டின. பிறகு இருட்டு. இடது மூலைச் சந்தில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

தூக்கிப் பார்த்தேன். காலை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். ஒரு பக்கம் பாரம், மறு பக்கம் சிக்கல். துளிகூட அசையவில்லை.

கத்தினால் தெருவில் யாராவது வந்திருப்பார்கள். எதிர் வீட்டில் ஆள் இருந்தது, பாத்திரம் கழுவும் சத்தம் எனக்கே கேட்டது. வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? ‘காப்பாத்துங்க’ என்றா? ஐம்பது வயது ஆள், அண்ணன் வீட்டு ஷெட்டுக்குள் இருந்துகொண்டு? வாயை மூடிக்கொண்டேன். சட்டைக்குள் சுணை அரித்தது. மனைவிக்குப் போன் செய்தேன்.

அவள் வந்து ஷட்டர் பக்கத்தில் உட்கார்ந்தது சந்தில் தெரிந்தது. புடவைக் கரையும் செருப்பும் மட்டும்.

“ஏங்க, என்னா ஆச்சு?”

“ஸ்பிரிங் போயிட்டு.”

“நீங்க?”

“நான் உள்ள இருக்கேன்.”

“அதான் தெரியுதே. அடிபட்டுச்சான்னு கேட்டேன்.”

“இல்ல. அவரு வண்டி சத்தம் கேட்டுச்சு, அதான் இழுத்துட்டேன்.”



“அவரு இந்தப் பக்கமே வரல. பிள்ளையார் கோயிலோட திரும்பிப் போயிட்டாரு. அவரு திரும்புன சத்தத்துக்கு நீங்க ஸ்பிரிங்க உடைச்சிருக்கீங்க.”

மெக்கானிக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அண்ணே, காலையிலதான் பூஜை போட்டேன். ரெஞ்சு, செயின், வெல்டிங் மிஷினு எல்லாம் சந்தனம் வச்சு சாமி முன்னால கெடக்கு. நாளைக்குக் காலையில எடுத்துட்டு மொத வேல உங்களுதுதான்.”

“தம்பி, நான் உள்ள மாட்டிக்கிட்டேன்.”

“காத்து வருதா?”

“நாலு விரல் சந்து இருக்கு.”

“அப்ப உசுருக்கு ஒன்னும் இல்லண்ணே.”

நான் சரி என்று சொல்லப் போனேன். வெளியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “அவரு உசுருக்கு ஒன்னும் இல்ல தம்பி. உள்ள இருவத்தெட்டு மூட்டை ஈர நெல்லு இருக்கு. நாளைக்கு நீங்க தொறந்தா நாத்தங்கால்தான் இருக்கும்.”

“நெல்லா? கார் ஷெட்லயா?” என்று அவர் சிரித்தார். பிறகு குரல் மாறியது. “அக்கா, நான் மாட்டேன்னு சொல்லலே. ஒரு வருசம் இதே நாள்ல ஒரு கடைக்காரரு அழுதாருன்னு பூஜையில இருந்த ரெஞ்ச எடுத்தேன். ஸ்பிரிங்கு தெறிச்சு எடது கை சுண்டு விரலு போச்சு. அதுக்கப்புறம் என் கை அன்னிக்கு ரெஞ்சுக்குப் போகாதுக்கா. நடுங்கும். நடுங்குற கையோட ஸ்பிரிங்கத் தொடக் கூடாது.”

பிறகு என்னிடம் சொன்னார்.

“அண்ணே, காருல வீல் ஸ்பேனர் இருக்குமே, அத வச்சு மேல இருக்குற போல்ட்டத் தொட்டுடாதீங்க. உடையாத ஸ்பிரிங்குல இன்னும் முறுக்கு இருக்கு. அவுந்துச்சுன்னா உங்களச் சுத்திக்கும். வெளியேருந்து கம்பி போட்டும் நெம்பாதீங்க. கோணலா சிக்கியிருக்கு, ஷட்டர் ஓடுற கைடு வளைஞ்சா முழு ஷட்டரும் போச்சு.”

போனை வைத்த பிறகு மனைவி, “நான் போயி வீட்டுச் சாவிய வாங்கியாறேன். உள் கதவத் தொறந்தா முடிஞ்சு போச்சு” என்றாள்.

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“அண்ணனுக்குத் தெரிஞ்சிடும்.”

“அண்ணனுக்குத் தெரியாம நெல்லு முளைச்சா பரவால்லயா?”

அவள் எழுந்து போனாள். சாவிக்கு இல்லை; மெக்கானிக் சொன்னதையும் மீறி, எப்படியாவது ஒரு கடப்பாரை வாங்கி வரத்தான் போயிருக்கிறாள். அரை மணி கழித்து வெறுங்கையோடு திரும்பினாள்.

“எட்டு வீடு போனேன். எல்லா வீட்டுலயும் கடப்பாரைக்குப் பொட்டு வச்சு உக்கார வச்சிருக்காங்க. மாலை வேற. எதுக்குன்னு கேக்குறாங்க, நான் என்னத்தச் சொல்றது? இந்த ஊருல இன்னிக்கு ஒருத்தருகிட்டயும் ஒரு ஆயுதம் கெடையாது. திருடன் வந்தா பொரிய அள்ளித்தான் வீசணும்.”

எங்கள் வீட்டுக் கடப்பாரையும் மண்வெட்டியும் மருந்தடிக்கிற மிஷினும்கூட சாமி படத்துக்கு முன்னால்தான் இருந்தன. அவளே காலையில் கழுவிப் பொட்டு வைத்தவை.

மதியத்துக்கு மேல் ஷெட் புழுங்க ஆரம்பித்தது. வெளியே மழை இல்லை, வெயிலும் இல்லை, உள்ளே அனல் மட்டும் இருந்தது. மனைவி சந்து வழியாக சுண்டலை வாழையிலைத் துண்டில் மடித்துத் தள்ளினாள். அவள் கை மட்டும் உள்ளே வந்து, பக்கத்தில் இருந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தது.

“சூடு ஏறியிருக்கே.”

“ஆமாம்.”

சாக்குக்குள் முழங்கை வரை விட்டேன். வெளியே இழுத்தபோது கை வேர்த்திருந்தது. ஒரு வாசனை வந்தது. நெல் அவிக்கும்போது முதலில் வருமே, அந்த வாசனை. அவிக்கிற அண்டாவில் வந்தால் நல்ல வாசனை, சாக்கில் வந்தால் நெல் கெட ஆரம்பித்த வாசனை. இந்த நெல்லுக்கு ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே நாற்று விட்டு, போர் தண்ணீரில் காப்பாற்றி, ராத்திரியெல்லாம் முறை வைத்துப் பாய்ச்சியிருந்தோம். அந்த ஒரு வாசனையில் எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

மூட்டையாக இருக்கும் வரை சூடு தணியாது, பரப்பியாக வேண்டும். பரப்ப இடம் இல்லை. காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நடக்கிற இடம்தான். அங்கே ஐந்து மூட்டையைக் கொட்டி விரித்தேன். அதற்கு மேல் இடமில்லாமல் நின்றேன். எதிரே கார் நின்றது, மாலையோடு.

கார் மேல் போர்த்துகிற துணியை நாலாக மடித்தேன். மாலையைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். துணியை முன் மூடியின் மேலும் கூரையின் மேலும் விரித்து, இரண்டு மூட்டை நெல்லை அள்ளி அள்ளிப் பரப்பினேன். பின் டிக்கியைத் திறந்து சாக்கு விரித்து அதிலும் கொட்டினேன். எல்லாம் சேர்த்தும் எட்டு மூட்டைதான் ஆயிற்று. மீதி இருபது அவிழ்த்த வாயோடு அப்படியே இருந்தது. கையை விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தேன். ஒரு மூட்டையைக் கிளறி முடிப்பதற்குள் அடுத்தது சூடாகிவிடும்.

நாலு மணிக்கு அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பூஜையைப் பார்க்க. போன் முழுக்க அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

“எடுங்க” என்றாள் மனைவி வெளியிலிருந்து.

“என்ன சொல்றது?”

“உள்ளது உள்ளபடி.”

“நீ பேசேன். போனைச் சந்துல தர்றேன்.”

“மாட்டேன். இத நான் பேசுனா காலம் பூரா நாந்தான் பேசணும்.”

மூன்றாவது தடவை எடுத்தேன்.

“எங்கடா போன? ஒரே இருட்டா இருக்கு?” அண்ணன் சட்டை போட்டு, விபூதி வைத்து, சோபாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணி. “காரக் காட்டு.”

போனில் டார்ச்சைப் போட்டுத் திருப்பினேன்.

“மஞ்சளா என்னடா அது கார் மேல? இவ்வளவு பூவா போட்டிருக்க?”

“நெல்லுண்ணே.”

“என்னது?”

“நெல்லு. ஈரமா இருந்துச்சு. இங்க கொண்டாந்து வச்சேன். ஸ்பிரிங் உடைஞ்சு ஷட்டர் விழுந்துட்டு. காலையிலேருந்து உள்ளதான் இருக்கேன்.”

அவ்வளவு நீளமாக நான் அண்ணனிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அண்ணனுக்கு முகம் மாறியது. திட்டினார். நான் சொன்னேனா இல்லையா, அன்னிக்கே சொன்னேனா இல்லையா என்று அதையே நாலு தடவை கேட்டார். பெயின்ட், ஏசிக்குள் போகிற சுணை, எலி எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி இடையில், “மொதல்ல அவர வெளிய விடச் சொல்லுங்க” என்றார். அண்ணி தன் தம்பியைக் கூப்பிட்டதும் எனக்குக் கேட்டது.

பத்தே நிமிஷத்தில் அந்த பைக் சத்தம் வந்தது. வீட்டுக்குள் காலடி, தாழ்ப்பாள், பிறகு உள் கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசியது. அண்ணியின் தம்பி நின்றார். பின்னால் என் மனைவி. அவர்களுக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் போட்ட நீள ஹால்; யாரும் உட்காராத நாற்காலிகளை ஓரமாக அடுக்கிப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

“தொறந்தாச்சு மச்சான்” என்று அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்துச் சொன்னார்.

“சரி, நீ வெளிய வா” என்றார் அண்ணன். “மூட்டையெல்லாம் அங்கயே கெடக்கட்டும். ஹால் வழியா இழுத்தா டைல்ஸ் பூரா கீறல் விழுந்துடும். நாளைக்கு மெக்கானிக் வந்து ஷட்டரத் தொறந்ததும் எடுத்துக்க. ஒரு ராத்திரிதானே.”

“ஒரு ராத்திரியில முளைச்சிடும்ணே.”

“முளைச்சா முளைக்கட்டும். உனக்கு என்ன புதுசா? போன வருசம் மழையில போகலையா?”

கதவு திறந்திருந்தது. மூன்று எட்டு வைத்தால் வெளியே. காலையிலிருந்து அந்த மூன்று எட்டுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் கால் போகவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் எனக்குக் கண் கலங்கும்; அன்று அதுவும் இல்லை. என் ஒரு கை இன்னும் கிளறிக்கொண்டிருந்த சாக்கில்தான் இருந்தது. அந்த மூட்டையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“நெல்லு வராம நான் வரலண்ணே.”

“என்னடா?”

“நான் இங்கயே இருக்கேன். கதவப் பூட்டிக்கிறதுன்னா பூட்டிக்கச் சொல்லுங்க.”

அண்ணன் திரையிலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் தம்பி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் இறங்கி வந்தார். பக்கத்து மூட்டையில் கையை விட்டார். உடனே வெளியே இழுத்தார்.

“என்ன மாமா, இட்லிப் பானையில கை விட்ட மாதிரி சுடுது!”

“ஆமாம் தம்பி.”

“மச்சான்,” என்று போனைப் பார்த்துச் சொன்னார், “இழுத்தாத்தான டைல்ஸு கீறும். நாங்க தூக்கிக்கிறோம்.”

அண்ணன் என்ன சொன்னார் என்று தெரியாது. அண்ணியின் தம்பி என் கையிலிருந்து போனை வாங்கி, காரின் முன் மூடியில் பரப்பியிருந்த நெல்லின் மேல் குப்புற வைத்துவிட்டார். “ஹலோ, ஹலோ, ஒன்னும் தெரியலடா” என்று நெல்லுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் குரல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் முதல் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போது நின்றுவிட்டது.

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெயின் ஸ்விட்சைப் போட்டாள். எங்கள் வீட்டிலிருந்து நெல் காய வைக்கிற இரண்டு படுதாக்களைக் கொண்டுவந்து ஹால் முழுக்க விரித்தாள். நாங்கள் கொட்டக் கொட்ட அவள் காலால் துழாவிப் பரப்பினாள். ஹாலில் நாலு ஃபேன். நாலும் சுற்றின.

“மாமா, நீங்க நேரா வந்து சாவி கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னு தெரியாது,” என்றார் அவர், பத்தாவது மூட்டைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு. “ஆனா நீங்க என் வண்டி சத்தத்துக்கு ஷட்டர இழுத்தீங்கன்னு இந்த அக்கா சொல்லுது. நான் என்ன அவ்வளவு மோசமான ஆளா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. “வண்டி சத்தம் கொஞ்சம் பெருசு தம்பி” என்றேன்.

அடியில் இருந்த மூன்று மூட்டைகளில் முளை எட்டிப் பார்த்திருந்தது. வெள்ளையாக, ஊசி முனை அளவு. அவற்றைத் தனியாக வைத்தோம்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். ரெஞ்சில் சந்தனம் காய்ந்திருந்தது. அதைத் துடைக்காமலே வேலையைத் தொடங்கினார். முதலில் இடது ஸ்பிரிங்கின் முறுக்கை மெதுவாக இறக்கினார். பிறகு சிக்கிய பக்கத்தை உயர்த்திக் கயிறு போட்டுக் கட்டினார். உடைந்த டப்பாவைப் பிரித்தபோது உள்ளே கிரீஸும் சுணையும் சேர்ந்து களிமண்ணாகிக் கிடந்தது. ஸ்பிரிங் இரண்டு துண்டு.

“இத இழுத்தது யாரு? எருமை மாடா?” என்று என்னைப் பார்த்தார்.

இந்தத் தடவை இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றினார். அண்ணனைக் கேட்கவில்லை, நானே மாற்றச் சொன்னேன். அவர் முறுக்க, நான் மறு ரெஞ்சைப் பிடித்து நிறுத்தினேன். ஒன்பது சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு என் கைக்குள் திமிறியது. ஒதுங்கித்தான் நின்றேன். கிளாம்பைப் போட்டு இறுக்கியதும், “தூக்கிப் பாருங்க” என்றார். ஒரு கையாலேயே போயிற்று.

மதியம் அண்ணியின் தம்பி வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மாமா, மச்சான் காலையில பேசுனாரு. ஷெட்டுச் சாவியையும் என்னையே வச்சுக்கச் சொல்றாரு. இனிமே காரை நான் ஸ்டார்ட் பண்ணிக்கிறேனாம்.”

சாவியைக் கொடுத்தேன். அவர் அதைத் தன் கொத்தில் மாட்டவில்லை, பையில் போட்டுக்கொண்டார். “நெல்லு காய்ற வரைக்கும் ஹால் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று அந்தச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நெல்லை அள்ளி, ஹாலைத் துடைத்துக் கழுவி, இரண்டு நாளில் நான் அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மிஷினில் எங்கள் நெல்லைப் போட்டபோது என் மனைவி அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். இருபத்தைந்து மூட்டை போயிற்று. முளைத்த மூன்று மூட்டையை வாத்து மேய்க்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் அதற்குப் பிறகு, முன்பு போல ஞாயிற்றுக்கிழமைகளில் காரைப் பற்றிக் கேட்க எனக்குப் போன் செய்வதில்லை. தீபாவளிக்கு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பொங்கலுக்கு அண்ணி எடுத்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். அண்ணன் குளிக்கிறார் என்றார்.

இப்போது, குறுவைக்குப் பிறகு போட்ட தாளடி கதிர் பழுத்து நிற்கிறது. இன்னும் பத்து நாளில் அறுக்க வேண்டும். வானத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. நேற்று மனைவி கேட்டாள்.

“இந்தத் தடவை எங்க வைக்கிறது?”

“கேக்கணும்.”

“யாருகிட்ட?”

“அண்ணன்கிட்டதான்.”

அவள் போனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அது மேசையில்தான் இருக்கிறது. இரண்டு தடவை கையில் எடுத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.